தன் கதையைத் தானே சொன்ன பெண்கள்: நாமக்கல் முதல் நைஜீரியா வரை

நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பட்லர் நூலக முகப்பில் ஹோமர், ஹெரோடோட்டஸ், சோஃபக்ளீஸ், பிளேட்டோ, அரிஸ்டாட்டில், டெமாஸ்தனீஸ், சிசெரோ, வெர்ஜில் என்று எட்டுப் பெயர்கள் கல்லில் செதுக்கப்பட்டிருக்கின்றன. எட்டுப் பேரும் ஆண்கள். 1989-இல் அங்கே படித்த ஒரு மாணவி, பெண் எழுத்தாளர்களின் பெயர்களை எழுதிய நீண்ட பதாகையை அந்தக் கல்லெழுத்துக்கு மேலே தொங்கவிட்டார். 30 ஆண்டுகள் கழித்து, 2019-இல், பல்கலைக்கழகத்திலேயே புதிய பதாகை ஒன்று உருவாகி அதே இடத்தில் ஏறியது. அதில் இருந்த எட்டுப் பெயர்களில் நான்கு ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களுடையவை: டோனி மாரிசன், மாயா ஏஞ்சலோ, ஸோரா நீல் ஹர்ஸ்டன், ன்டோஸாகே ஷாங்கே. அவர்களுக்கு நடுவே ஒரு தமிழ்ப் பெயரும் இருந்தது: அ. ரேவதி. நாமக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, தன் வாழ்க்கையைத் தமிழில் எழுதிய திருநங்கை.

மாரிசன், ஏஞ்சலோ பெயர்களோடு நாமக்கல்லில் பிறந்த ஒருவரின் பெயர் நின்றதைப் பெருமைக்குரிய செய்தியாக மட்டும் எடுத்துக்கொண்டால் அதன் பொருளில் பாதியை இழந்துவிடுவோம். மாரிசன், ஏஞ்சலோவின் வேர்மண்ணான ஆப்பிரிக்காவில் வாழும் பெண்களின் வாழ்க்கையை அவர்கள் எழுத்திலேயே படிக்கும் வாய்ப்பு உலகத்துக்கு எப்படிக் கிடைத்தது, அதன்பின் அதுவரை தெரிந்தவற்றில் எவை மாறின என்று பார்த்தால், சேலம் நாமக்கல் வட்டாரத்துப் பெண்களைப் பற்றி நமக்கு எவ்வளவு குறைவாகத் தெரியும் என்பது புலப்படும். பெண்களைப் பற்றிப் பிறர் எழுதியவற்றில் உண்மை உண்டு. ஆனால் வேலை, பணம், மானம், பாசம் ஆகிய நான்கும் ஒரு பெண்ணின் வாழ்வில் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பது அவளே சொல்லும்போதுதான் முழுதாகத் தெரிகிறது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

பிறர் எழுதிய பெண்கள்

இந்த வட்டாரத்துப் பெண்களை வெளியுலகம் முதலில் அறிந்தது எண்களாக. பெண் சிசுக்கொலையைத் தடுக்க தமிழக அரசு 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது சேலம் மாவட்டத்தில்தான். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரத்துக்குப் பெண் குழந்தைகள் நாட்டளவில் 927, சேலத்தில் 851. இந்த எண்ணை வைத்து எத்தனையோ அறிக்கைகள் வந்தன. பெற்ற பிள்ளையைத் தொட்டிலில் விட்டுவிட்டுத் திரும்பியவள் அந்த இரவை எப்படிக் கழித்தாள், முடிவு யாருடையது, மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவளே எழுதியதைப் படிக்கும் வாய்ப்பு நமக்குக் கிடைக்கவில்லை.

எச்.ஐ.வி. விஷயத்திலும் இதுவே நடந்தது. 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல், லாரிக்குப் பேர்போன ஊர். நோய்ப் பரவல் பற்றிய ஆய்வுகளில் லாரி ஓட்டுநர்கள் ஒரு வகையாகவும் அவர்களுடைய மனைவிமார் இன்னொரு வகையாகவும் பட்டியலிடப்பட்டார்கள். அந்தப் பட்டியலை விட்டு வெளியே வந்து, தன் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் பேசியவர் நாமக்கல் வட்டாரத்தைச் சேர்ந்த பி. கௌசல்யா. 1998-இல் சென்னையில் எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களுக்கென ‘பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்’ உருவாக முன்னின்றவர் அவர். ஒரு பெண் தானே வாய்திறந்ததும், ஆய்வுக்குரிய பொருளாக இருந்தவர்கள் உரிமை கேட்பவர்களாக மாறினார்கள்.

இலக்கியத்தில் நிலைமை இதைவிட மேல். கொங்கு மண்ணின் பெண்ணை ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 1942-லேயே நாவலின் மையத்தில் நிறுத்தியது. சொத்தில் பங்கு கேட்கும் கைம்பெண்ணின் கதை அது. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010) பிள்ளையில்லாத பொன்னாவின் வேதனையைத் திருச்செங்கோட்டு மலையடிவாரத்தில் வைத்துச் சொன்னது. தன் தாயைப் பற்றி அவர் எழுதிய ‘தோன்றாத்துணை’ ஒரு விவசாயப் பெண்ணின் உழைப்பையும் கண்டிப்பையும் அருகிருந்து பார்த்த புத்தகம். இவை தமிழுக்குப் பெரும்பேறு. ஆனால் மூன்றிலும் பெண்ணைப் பார்க்கும் கண் ஆணுடையது. 2014-இன் கடைசியில் ‘மாதொருபாகன்’ சர்ச்சை வெடித்தபோது, திருச்செங்கோட்டுப் பெண்களின் மானம் பறிபோனதாகக் குற்றம்சாட்டினார்கள். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. ஒன்றரை ஆண்டுக்காலம் பெண்களின் மானத்தைப் பற்றி வாதிட்டோம். பெண்கள் எழுதியதை முன்வைத்து வாதிடவில்லை.

ஆப்பிரிக்காவில் நடந்தது

சினுவா அச்சிபியின் ‘சிதைவுகள்’ வந்தது 1958-இல். நைஜீரியாவின் இக்போ சமூகத்தை உள்ளிருந்து எழுதிய மகத்தான நாவல். அதில் ஒக்கொன்க்வோவுக்கு மூன்று மனைவியர். அவர்கள் சமைக்கிறார்கள், அடிபடுகிறார்கள், கதை சொல்கிறார்கள். எட்டு ஆண்டுகள் கழித்து, 1966-இல், அதே இக்போ சமூகத்திலிருந்து ஃப்ளோரா ந்வாபா ‘எஃபுரு’ நாவலை வெளியிட்டார். கையெழுத்துப் பிரதியைப் படித்துப் பதிப்பகத்துக்குப் பரிந்துரைத்தவர் அச்சிபியே. ஆங்கிலத்தில் எழுதி உலகளவில் நாவல் வெளியிட்ட முதல் ஆப்பிரிக்கக் கறுப்பினப் பெண் என்று ந்வாபாவைச் சொல்வது வழக்கம்.

எஃபுரு ஒரு வியாபாரி. திருமணமானதும் கணவனோடு காட்டு வேலைக்குப் போகாமல் ஊரில் தங்கி வியாபாரம் பார்க்கிறாள். கைராசிக்காரி, தொட்டது துலங்குகிறது. ஒரே மகள் இறந்துபோகிறாள், இரண்டு கணவர்களும் கைகொடுக்கவில்லை. ஏரித் தெய்வமான உஹாமிரியை வழிபடத் தொடங்குகிறாள். அந்தத் தெய்வம் தன்னை வழிபடும் பெண்களுக்குச் செல்வமும் அழகும் தருகிறது, பிள்ளை தருவதில்லை. அப்படியிருந்தும் பெண்கள் ஏன் அவளைக் கும்பிடுகிறார்கள் என்ற கேள்வியோடு நாவல் நிற்கிறது.

எஃபுருவைப் பொன்னாவுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒன்று விளங்கும். இருவர் ஊரிலும் பிள்ளையில்லாதவள் மேல் பழி விழுகிறது. இருவரும் தெய்வத்தை நாடுகிறார்கள். பொன்னாவைச் சுற்றி மாமியாரும் தாயும் அண்ணனும் கணவனும் முடிவெடுக்கிறார்கள். அவள் துயரம் நம்மை உலுக்குகிறது. எஃபுருவின் துயரமும் சிறியதல்ல. ஆனால் அவள் நாளின் பெரும்பகுதி கொள்முதல், கடன், வசூல், லாபம் என்று கழிகிறது. பிள்ளையில்லாமை அவள் வாழ்வின் ஒரு பகுதி. வாழ்வு முழுவதும் அதுவே ஆகிவிடவில்லை. சந்தையில் பெண்கள் பேசும் பேச்சே அந்த நாவலின் நடை. விமர்சகர்கள் சிலர் அதை வம்பளப்பு என்று ஒதுக்கினார்கள். பெண்ணின் பொருளாதாரம் அந்தப் பேச்சுக்குள்தான் இருந்தது.

ந்வாபா போட்ட பாதையில் மற்றவர்கள் வந்தார்கள். லண்டனுக்குக் குடியேறிய புச்சி எமெச்செட்டா எழுதிய முதல் நாவலின் கையெழுத்துப் பிரதியை அவர் கணவரே எரித்துவிட்டார். ஐந்து பிள்ளைகளோடு வெளியேறி, தனியாக வாழ்ந்து, எரிந்துபோன அந்த நாவலை மறுபடி எழுதி 1976-இல் வெளியிட்டார். எஃபுருவின் கடைசிக் கேள்வியிலிருந்து தலைப்பை எடுத்துக்கொண்டு 1979-இல் ‘தாய்மையின் மகிழ்ச்சிகள்’ எழுதினார். அதில் வரும் ந்னு ஈகோவுக்குப் பிள்ளைகள் நிறைய. கடைசியில் அவள் சாலையோரத்தில் தனியாகச் சாகிறாள். பிள்ளை இல்லாததே பெண்ணின் துன்பத்துக்கெல்லாம் காரணம் என்ற நம்பிக்கையை இந்த இரண்டு நாவல்களும் சேர்ந்தே தகர்த்தன.

ஜிம்பாப்வேயின் சிட்சி டங்கரெம்ப்கா 1988-இல் எழுதிய நாவலில், அண்ணன் இறந்ததற்குத் தான் வருந்தவில்லை என்ற ஒப்புதலோடு தங்கை கதையைத் தொடங்குகிறாள். பள்ளிக் கட்டணத்துக்காகச் சோளம் விளைவித்து விற்றவள் அவள். இருந்தும் அண்ணன் செத்த பிறகுதான் அவளுக்கு மிஷன் பள்ளி கிடைக்கிறது. கல்நெஞ்சம் என்று நாம் சொல்லிவிடக்கூடிய அந்த ஒப்புதலைப் பக்கம் பக்கமாகப் படித்து வரும்போது, கல்லாக இருந்தது அந்த வீட்டின் கணக்கு என்று தெரிகிறது. 851 என்ற எண்ணுக்குப் பின்னால் இருந்த வீடுகளைப் புரிந்துகொள்ள இப்படியொரு புத்தகம்தான் வேண்டும்.

கடிதமும் ஒப்பாரியும்

செனகலின் மரியாமா பா 1979-இல் பிரெஞ்சில் எழுதிய ‘நீண்டதொரு கடிதம்’ நம் வட்டாரத்துக்கு இன்னும் நெருக்கமானது. கணவன் இறந்து, இஸ்லாமிய முறைப்படி தனித்திருக்கும் நாட்களில் ரமத்துலாய் என்ற ஆசிரியை தன் தோழிக்கு எழுதும் கடிதமே நாவல். இறந்தவன் தன் மகளின் தோழியை இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொண்டவன். சாவு வீட்டுக்கு வந்து போகிறவர்கள், மொய்யாக வந்த பணம், சக்களத்தியின் தாய், மைத்துனனின் எண்ணம் என எல்லாம் அதில் வருகின்றன. ஆப்பிரிக்காவில் வெளியாகும் நூல்களுக்கான நோமா விருதை 1980-இல் முதன்முதலாகப் பெற்றது அந்தப் புத்தகம். அடுத்த ஆண்டே பா இறந்துபோனார்.

துக்க காலத்தில் பெண் பேசலாம் என்ற அனுமதியை மரியாமா பா இலக்கிய வடிவமாக்கினார். அந்த அனுமதி நம்மிடமும் உண்டு, ஒப்பாரி அது. சேலம் நாமக்கல் கிராமங்களில் எழவு வீட்டில் கட்டிப்பிடித்து அழும் பெண்கள், செத்தவரை மட்டும் பாடுவதில்லை. பிறந்த வீட்டுச் சீர் வராத கதை, கொழுந்தனார் வரப்பை நகர்த்திய கதை, நாத்தனார் சொன்ன சுடுசொல் எல்லாம் அந்த இழுவையில் வெளியே வந்துவிடும். சம்பந்தப்பட்டவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். எழுந்து மறுத்துப் பேச முடியாது. மற்ற நாட்களில் சொன்னால் சண்டையாகிவிடும் பேச்சு, பிணத்தின் முன்னால் நியாயமாகிவிடுகிறது. எழுத்துப் பக்கம் வராத நம் பெண்களின் சுயசரிதைத் துண்டுகள் இந்த ஒப்பாரிகளில் இருக்கின்றன. அவற்றை நாட்டார் பாடலாகத் தொகுத்தோம். பாடியவளின் சாட்சியமாகப் படிக்கத் தவறினோம்.

ரேவதி எழுதியது

இந்தப் பின்னணியில் ரேவதியின் எழுத்துக்கு வருவோம். அப்போதைய சேலம் மாவட்டத்தின் நாமக்கல் வட்டத்தில், லாரியும் விவசாயமும் சேர்ந்த ஒரு குடும்பத்தில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தவர். மூன்று அண்ணன்கள், ஓர் அக்கா. வீட்டை விட்டுப் போய் டெல்லியிலும் மும்பையிலும் திருநங்கையர் ஜமாத்தில் வாழ்ந்தார். 1999-இல் பெங்களூருவில் பாலினச் சிறுபான்மையினருக்காக இயங்கும் ‘சங்கமா’ அமைப்பில் சேர்ந்தார். முதலில் அவர் எழுதியது தன் கதையை அல்ல. தன்னைப் போன்ற பலரைச் சந்தித்து, அவர்கள் வாழ்க்கையைக் கேட்டுத் தொகுத்து ‘உணர்வும் உருவமும்’ என்ற நூலைக் கொண்டுவந்தார். தன் வாழ்க்கையை அதன் பிறகு எழுதினார். தமிழில் எழுதப்பட்ட அந்தக் கையெழுத்துப் பிரதி, வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் 2010-இல் பென்குயின் வழியாக ஆங்கிலத்தில் முதலில் வந்தது. தமிழ் நூல் 2011-இல் ‘வெள்ளை மொழி’ என்ற பெயரில் வெளியாயிற்று. லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’ 2007-லேயே வந்திருந்தது. தமிழ்த் திருநங்கையர் தம் வாழ்வைத் தாமே எழுதிய காலகட்டம் அது.

‘வெள்ளை மொழி’யின் தொடக்கப் பகுதியில் மாரியம்மன் பண்டிகை வருகிறது. ஊர்ப் பையன்கள் வேஷம் கட்டும் நாள். ரேவதி குறத்தி வேஷம் போடுகிறார். அச்சு அசலாகப் பெண்ணைப் போலவே இருக்கிறதென்று ஊர் மெச்சுகிறது. ஊருக்கு அது நேர்த்திக்கடனும் வேடிக்கையும். அவருக்கோ, மற்ற நாட்களில் போட்டிருக்கும் சட்டைதான் வேஷம், இன்று கட்டியிருப்பதே சொந்த உடை. திருவிழா முடிந்ததும் அதே நடையைப் பள்ளியிலும் வீட்டிலும் கேலி செய்கிறார்கள், அடிக்கிறார்கள். ஒரு சமூகம் எதை எந்த நாளில் அனுமதிக்கிறது, மறுநாள் எதற்காகத் தண்டிக்கிறது என்பதை இந்த ஒரு காட்சி காட்டிவிடுகிறது. வெளியிலிருந்து வந்த ஆய்வாளருக்கு இது கிராமத் திருவிழாவின் ஒரு சடங்காகவே பட்டிருக்கும்.

வீட்டை விட்டு ஓடியவரின் கதையாக மட்டும் இதைப் படிக்கக் கூடாது. ஒவ்வொரு முறை போன பிறகும் ரேவதி ஊருக்குத் திரும்புகிறார். அண்ணன் அடிக்கிறார், தாய் அழுகிறார், தந்தை பேசாதிருக்கிறார். மறுபடி போகிறார், மறுபடி வருகிறார். சம்பாதித்ததை வீட்டுக்குக் கொடுக்கிறார். குடும்பச் சொத்தில் தனக்கும் பங்குண்டு என்று வாதிடுகிறார். பிற்காலத்தில் பெற்றோரைப் பார்த்துக்கொள்கிறார். ‘நாகம்மாள்’ நாவலில் பங்கு கேட்ட பெண்ணை ஆசிரியர் வெளியே நின்று பார்த்தார். கேட்டவளின் பிடிவாதத்தால் கொலை விழுகிறது. இங்கே பங்கு கேட்பவரே எழுதுகிறார். அதனால் அந்தக் கேட்பு பேராசையாகத் தோன்றுவதில்லை; நானும் இந்த வீட்டுப் பிள்ளைதான் என்ற கோரிக்கையாக நிற்கிறது.

எமெச்செட்டாவைப் போலவே ரேவதியும் பணத்தைப் பற்றி வெளிப்படையாக எழுதுகிறார். கடை கேட்டுப் போனால் என்ன கிடைக்கும், பாலியல் தொழிலில் வருவதில் யாருக்கு எவ்வளவு போகும், குருவுக்குச் சேலா என்னும் சீடர் செய்ய வேண்டியது என்ன, போலீசிடமும் ரவுடிகளிடமும் இழப்பது எவ்வளவு என்பதெல்லாம் அதில் உண்டு. ஜமாத்தையும் அவர் சொர்க்கமாகக் காட்டவில்லை. குருவின் அன்பும் அதிகாரமும் ஒரே வீட்டில் இருக்கின்றன. தன் சமூகத்தின் குறையைச் சொன்னால் வெளியாள் அதை ஆயுதமாக்குவான் என்ற அச்சம் ஆப்பிரிக்கப் பெண் எழுத்தாளர்கள் பலருக்கும் இருந்தது. கானாவின் அமா அட்டா ஐடூ, காலனி ஆதிக்கத்தையும் உள்ளூர் ஆணாதிக்கத்தையும் ஒரே மூச்சில் கண்டித்தவர். ரேவதியும் அந்த அச்சத்தைத் தாண்டித்தான் எழுதினார்.

எதைச் சொன்னால் மானம் போகும் என்பதை இதுவரை ஊர் தீர்மானித்தது. அந்த அதிகாரத்தை எழுதுகிறவர் தன் கையில் எடுத்துக்கொள்கிறார். அ. மங்கையின் இயக்கத்தில் ‘வெள்ளை மொழி’ நாடகமான போது ரேவதியே மேடையேறித் தன் வாழ்வை நடித்ததும் அந்த அதிகாரத்தின் நீட்சிதான்.

எழுதப்படாத வேலை

இக்போ நாட்டில் சேனைக்கிழங்கு போன்ற யாம் கிழங்கு ஆணின் பயிர். அதற்குத்தான் திருவிழாவும் மரியாதையும். மரவள்ளி பெண்ணின் பயிர். வீட்டின் பசியை ஆற்றிய மரவள்ளிக்கு யாரும் பாட்டுப் பாடவில்லையே என்று ஃப்ளோரா ந்வாபா அதைப் போற்றி ஒரு நீள்கவிதையே எழுதி, தாம் தொடங்கிய டானா பதிப்பகம் வழியாக 1986-இல் நூலாக்கினார்.

அதே மரவள்ளிதான் நம் குச்சிக்கிழங்கு. சேலம், ஆத்தூர், ராசிபுரம், நாமகிரிப்பேட்டைப் பக்கம் கிழங்கு வெட்டும் பருவத்தில் சேகோ மில்களுக்குள் போனால் முதலில் கண்ணில் படுவது பெண்கள். கிழங்குக் குவியலைச் சுற்றி உட்கார்ந்து, ஒரு கையில் கிழங்கும் மறுகையில் கத்தியுமாகத் தோல் சீவுகிறார்கள். பிடுங்கிய கிழங்கு நாள்பட்டால் கெட்டுப்போகும் என்பதால் கை ஓயக் கூடாது. அரைத்து, மாவைத் தொட்டியில் தெளியவிட்டு, குருணையாக உருட்டி, வறுத்த பிறகு காயவைக்கும் களத்தில் வெயிலோடு வெயிலாக நிற்பவர்களிலும் பெண்கள் நிறைய. 1981-இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவு நிறுவனத்தின் விற்பனைக் கணக்கில் மூட்டைகள் உண்டு, விலை உண்டு. சீவிய கையின் கதைக்கு ஒரு ந்வாபா இன்னும் வரவில்லை. விசைத்தறிக் கொட்டகையில் தார் சுற்றும் பெண்கள், வெள்ளிக் கொலுசுக்குச் சலங்கை பற்றவைக்கும் பெண்கள், கோழிப்பண்ணையில் முட்டை அடுக்கும் பெண்கள், மாதக்கணக்கில் வடநாட்டு லைனில் இருக்கும் கணவனுக்குக் காத்திருக்கும் லாரிக்காரர் மனைவிமார் எல்லோர் நிலையும் இதுதான்.

செய்யக்கூடியது

ஆப்பிரிக்கப் பெண்களின் எழுத்து தானாகப் பெருகிவிடவில்லை. ந்வாபா பதிப்பகம் தொடங்கினார். சூசி தாரு, கே. லலிதா தொகுத்த ‘இந்தியாவில் பெண்ணெழுத்து’ நூலின் இரு தொகுதிகளை 1991-இலும் 1993-இலும் நியூயார்க்கில் வெளியிட்ட ஃபெமினிஸ்ட் பிரஸ், ஆப்பிரிக்கப் பெண்களின் குரல்களை 2003 முதல் 2009 வரை நான்கு பெருந்தொகுதிகளாகக் கொண்டுவந்தது. நாவலும் கவிதையும் மட்டுமின்றித் தாலாட்டு, புலம்பல், கடிதம், மனு, நீதிமன்ற வாக்குமூலம் என்று பெண்ணின் வாயிலிருந்து வந்த எல்லாவற்றுக்கும் அவற்றில் இடம் கொடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவளையும் ஆசிரியராக மதித்ததே அந்தத் தொகுதிகளின் சாதனை. அதற்கு முன்மாதிரி இந்தியாவிலிருந்து போனது என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

சேலத்தில் 1997-இல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரிகளில், குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறும் பெண்கள் ஆண்டுதோறும் படித்து வெளியேறுகிறார்கள். கிழங்கு சீவியும் தார் சுற்றியும் படிக்க வைத்த தாய்மார் அவர்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். அந்தத் தாயின் ஒரு நாள் வேலையை, கைக்கு வந்த கூலியை, அது போன வழியை, அவள் பாடத் தெரிந்த ஒப்பாரியை, சொல்ல விரும்பாததைச் சொல்லாமல் விடும் உரிமையோடு அவள் பேச்சிலேயே பதிவு செய்ய ஒரு கைபேசி போதும். தமிழ்த் துறைகள் இதை ஆய்வேட்டுப் பணியாக ஏற்றால், சில ஆண்டுகளில் இந்த வட்டாரத்துப் பெண்களின் வரலாற்றுக்கு அடிப்படைச் சான்றுகள் சேர்ந்துவிடும். தொகுத்தவரின் பெயர் உள்ளே இருக்கட்டும். அட்டையில் சொன்னவளின் பெயர் இருக்க வேண்டும், அவள் அதை விரும்பினால்.

‘வெள்ளை மொழி’யைச் சேலத்திலும் நாமக்கல்லிலும் பாடமாக வைத்து, ‘எஃபுரு’வையும் ‘நீண்டதொரு கடித’த்தையும் அதனோடு சேர்த்துப் படிக்கச் செய்ய வேண்டும். தன் ஊரில் நடந்ததைத் தன் ஊர்ப் பேச்சில் எழுதிய ஒருவர் உலக எழுத்தாளர் வரிசையில் நிற்கிறார் என்று அறியும் மாணவி, தன் வீட்டுக் கதையும் எழுதத் தக்கதென்று நம்புவாள். ரேவதி தன் கதையைத் தொடுமுன் மற்றவர்கள் கதையைக் கேட்டு எழுதினார். அடுத்து எழுத வருகிறவர்களும் அங்கிருந்து தொடங்கலாம்.